விசில் மாட்டிய மாப்ளைக்கு

கோச் ஆயிட்டீங்களாமே மாப்ளே! சேதி வந்ததும் உங்க அத்தை சாமிக்கு வெளக்கேத்துனா. உனக்காக இல்ல, அந்தப் புள்ளைகளுக்காக. பள்ளிக்கூடத்து மைதானத்துல நீ நிக்கிற போட்டோவ வாட்ஸாப்புல பார்த்தேன். கழுத்துல விசிலு, தலையில தொப்பி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி, கையில எழுதி அழிக்கிற வெள்ளை போர்டு. கோச்சுக்கு வேண்டிய சகலமும் இருந்துச்சு. பந்து மட்டுந்தான் படத்துல இல்ல.

சரி, மாமன் நாலு வார்த்தை சொல்றேன், கேட்டுக்க. கேக்காட்டியும் சொல்லத்தான் போறேன். பெரியகுளத்துக்காரன் பாஸ்கட்பால் பத்திப் பேச எவன்கிட்டயும் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்ல. சரியா மே மாசம், மாங்கா எறக்குற நேரம் பார்த்துத்தான் எங்கூர்ல அகில இந்தியப் போட்டி வைப்பாங்க. தோப்புக்கு ஒரு ஆளை அனுப்பிட்டு நான் கேலரிக்குப் போயிருவேன். ராணுவம், கப்பற்படை, பேங்க்கு, கேரளா மின்வாரியம்னு டீம் டீமா வந்து எறங்கும். சனம் மேட்ச் பாக்க வரும். நான் அதுக்கு முன்னாடியே போயி வார்ம்-அப் பாப்பேன். இந்தியா பனியன் போட்ட ஆளுக வந்து மொதல்ல என்ன செய்வாங்கங்கற? ரெண்டு வரிசையா நின்னு லே-அப் போடுவாங்க. வலது பக்கம் கொஞ்ச நேரம், எடது பக்கம் கொஞ்ச நேரம். அப்புறம் செஸ்ட் பாஸு, பவுன்ஸ் பாஸு. எல்லாம் ஆறாங்கிளாஸ் பாடம். உன் டீம் பயலுக கோர்ட்டுல கால் வெச்சதும் பாதிக்கோட்டுல நின்னு ரிங்கைப் பார்த்து வீசி எறியிறானுகளாம். நல்லதுதான், ரிங்கு எம்புட்டு உறுதியா மாட்டியிருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.

ஒரு ஆறுதலும் சொல்லி வைக்கிறேன். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச ஜேம்ஸ் நெய்ஸ்மித் இருக்காரே, 1891 டிசம்பர்ல அமெரிக்காவுல ஸ்ப்ரிங்ஃபீல்டுங்கற ஊர்ல ரெண்டு பழக்கூடைய பத்தடி உயரத்துல ஆணியடிச்சு மாட்டுனவரு, அவரே பின்னாடி கன்சாஸ் யுனிவர்சிட்டிக்குக் கோச்சா இருந்தாரு. ஜெயிச்சது 55, தோத்தது 60. அந்த யுனிவர்சிட்டிக் கோச்சுகள்லயே ஜெயிச்சதை விட அதிகமாத் தோத்தவரு, ஆட்டத்தைப் பெத்த அந்த மனுஷன் ஒருத்தருதான். அதனால தோத்துட்டோமேன்னு நீ ரொம்ப வெக்கப்படாத. அவருக்காவது ‘ஆட்டத்தைக் கண்டுபிடிச்சதே நாந்தான்’னு சொல்லிக்க ஒரு சாக்கு இருந்துச்சு. உனக்கு என்ன இருக்குன்னு யோசிச்சு வெச்சுக்க.

இப்ப உன் போர்டுக்கு வருவோம். வட்டம், பெருக்கல் குறி, வளைஞ்ச அம்பு, புள்ளி வெச்ச அம்பு, ஒவ்வொண்ணுக்கும் இங்கிலீஷ்ல ஒரு பேரு. அம்பெல்லாம் சரியாத்தான் போகுது மாப்ளே. அந்த அம்பு முனையில போய் நிக்க வேண்டிய பயலுக்கு நிக்கத் தெரியுதான்னு பார்த்தியா? ஓடி வந்து பந்தைப் பிடிக்கிறான். ரெண்டு காலும் ஒண்ணா ‘தப்’னு எறங்கணும், முழங்கால் மடங்கியிருக்கணும், இடுப்பு தாழ்ந்திருக்கணும். அப்படி நின்னாத்தான் எந்தக் காலை வேணும்னாலும் ஊனிக்கிட்டு இன்னொரு காலை நாலாபக்கமும் நகட்டலாம். ஊனுன காலோட குதி லேசாத் தூக்கியிருக்கும், பாதத்தோட முன்பக்கத்துல திரும்பணும். உன் பய என்ன பண்றான்? விறைப்பா நின்னு பந்தைத் தலைக்கு மேல தூக்குறான், எதிராளி நெருங்கி வந்ததும் பதறி, ஊனுன காலை இழுக்கிறான். ரெஃப்ரி ‘ஸ்டெப்ஸ்’னு விசிலடிக்கிறான். உடனே நீ தொப்பியக் கழட்டிட்டு ரெஃப்ரிகிட்ட சண்டைக்குப் போற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், நீ ஆட்டி வைக்கத் தெரியாம விசிலு கோணல்ங்கற.

ஜான் வுட்டன்னு ஒரு பெரியவரு இருந்தாரு. இண்டியானா மாநிலத்துல சம்சாரி வீட்டுல வளந்தவரு. 1948-ல கலிஃபோர்னியாவுல யு.சி.எல்.ஏ. காலேஜுக்குக் கோச்சா வந்தாரு. கடைசி 12 வருஷத்துல 10 தடவை தேசிய சாம்பியன். நடுவுல ஒரு கட்டத்துல தொடர்ச்சியா 88 மேட்ச் தோக்கவே இல்ல. அம்புட்டு பெரிய கோச்சு, ஊர் ஊராப் பொறுக்கி எடுத்துட்டு வந்த நட்சத்திரங்களுக்கு மொத நாள் என்ன சொல்லிக் குடுத்தாருங்கற? சாக்ஸ் போடறது எப்படின்னு. தானே உக்காந்து போட்டுக் காட்டுவாரு. விரல் நுனி வரைக்கும் இழுத்து, சுண்டுவிரல் ஓரத்துலயும் குதிங்காலுலயும் கையால தடவி, ஒரு சுருக்கம்கூட இல்லாம எடுத்துவிடச் சொல்லுவாரு. சுருக்கம் இருந்தாக் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தா பய ரெண்டு நாள் உக்காந்துருவான். அப்புறம் நாடாவை ஒவ்வொரு ஓட்டையா இறுக்கி ரெட்டை முடிச்சு. உன் பயலுகள்ல பாதிப்பேரு அண்ணன் போட்ட ஷூவ அட்டை திணிச்சுப் போட்டிருக்கான். கொஞ்சம் குனிஞ்சு பாரு மாப்ளே. தொப்பி விழுந்துராது, நான் பொறுப்பு.

பந்து விஷயத்துலயும் உன் தாராளம் எனக்குத் தெரியும். எல்லாருக்கும் ஏழாம் நம்பர் பந்து. ஆம்பளைக டீமுக்குத்தான் ஏழு, அது அறுநூறு கிராம் கிட்ட வரும். பொம்பளைப் புள்ளைகளுக்கு ஆறு. பன்னெண்டு வயசுக்குக் கீழ உள்ள பொடுசுகளுக்கு அஞ்சு, ரிங்கையும் 2.6 மீட்டருக்கு எறக்கி வைக்கிறதுதான் மொறை. அஞ்சாங்கிளாஸ் பயகிட்ட ஏழாம் நம்பரைக் குடுத்து மூணு சொச்சம் மீட்டர் உயரத்துக்குப் போடுன்னா, அவன் எங்க இருந்து போடுவான்? இடுப்புக்குப் பக்கத்துல பந்தை வெச்சு, ஒடம்பை முறுக்கி, ஒரு கையால சுழட்டி அடிப்பான். அந்தக் கோணல் ஷாட்டு அவனோடவே காலேஜ் வரைக்கும் போகும். அங்க இருக்கிற கோச்சு உன் பேரைக் கேட்டு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லுவாரு.

அடுத்து டிரிபிள். உன் டீம்ல ஒரு பய காலுக்கு நடுவுல, முதுகுக்குப் பின்னால எல்லாம் பந்தைத் தட்டுறானாம், வீடியோ எடுத்துப் போட்டா ஆயிரம் பேரு பாக்குறானாம். கொடுத்து வெச்சவன் நீ. அவன் தட்டி முடிக்கிற வரைக்கும் மத்த நாலு பேரு நின்னு பாக்க வேண்டியதுதான். அவங்களுக்குக் கோர்ட்டுக்குள்ளயே சீட்டு, டிக்கெட்டும் வேண்டாம். நெய்ஸ்மித் எழுதுன 13 விதியில பந்தைப் பிடிச்சவன் ஓடக்கூடாது, பிடிச்ச எடத்துல இருந்தே எறியணும்னு இருக்கு. டிரிபிள்ங்கறது பொறகு வந்து ஒட்டிக்கிட்டது. ஆட்டம் பொறந்ததே பாஸுலதான். அதனால வாரத்துல ஒரு நாள் ‘இன்னைக்குத் தரையில பந்து படக் கூடாது’ன்னு சொல்லி ஆட விட்டுப் பாரு. மொத அஞ்சு நிமிஷம் ஒரே கூத்தா இருக்கும். அப்புறம் பந்து இல்லாத பய தானாவே ஓட ஆரம்பிப்பான், ஓடாட்டி ஆட்டம் நகராதுல்ல! குடுத்த பய நிக்காம ரிங்கைப் பார்த்து வெட்டி ஓடுவான், வாங்குனவன் அவன் கைக்கே திருப்பிக் குடுப்பான். கிவ் அண்ட் கோ. அம்புட்டுத்தான் பிளே. அதை போர்டுல வரைய ரெண்டு கோடு போதும். உன் மார்க்கரும் மிச்சம்.

ஸ்க்ரீன் போடறதைச் சொல்லித் தரலையாமே? மானக்கேடா நெனைக்கிறானுகளாம், ‘நான் மரமா நிக்கவா சார் வந்தேன்’னு ஒரு பய கேட்டானாம். அவனை அடுத்த முகூர்த்தத்துல கல்யாணப் பந்திக்குக் கூட்டிட்டுப் போ. பந்தி மாறும்போது எங்க பெரியப்பா கால அகட்டி, கைய நெஞ்சுல கட்டிக்கிட்டு நடைபாதையில ஒரு நிப்பு நிப்பாரு. பின்னால வர்ற கூட்டம் அவரைச் சுத்திக்கிட்டுத்தான் போகணும். அந்த இடைவெளியில பெரியம்மா அவரு தோளை ஒரசுனாப்புல நுழைஞ்சு எலை முன்னாடி உக்காந்துருவாங்க. பெரியப்பா யாரையும் தள்ளல, இடிக்கல, நகரக்கூட இல்ல. நகந்தா ஃபவுலு. ஒரசிக்கிட்டுப் போகாம பெரியம்மா ஒரு கை இடைவெளி விட்டாங்கன்னா அதுல எதிராளி நுழைஞ்சுருவான். பெரியம்மா உக்காந்ததும் பெரியப்பா அப்படியே திரும்பி, முகத்தை எலைப் பக்கம் வெச்சுக்கிட்டு, கைய நீட்டிக்கிட்டு எறங்குவாரு பாரு, அதுதான் பிக் அண்ட் ரோல். ஸ்டாக்டனும் மலோனும் யூட்டா டீமுக்கு இதை ஒண்ணை வெச்சுக்கிட்டுப் பதினெட்டு வருஷம் ஓட்டுனாங்க. வரப்போறது என்னன்னு எதிராளிக்கு அத்துப்படி, ஆனாலும் தடுக்க முடியாது. 15,806 பாஸு ஸ்டாக்டன் கையில இருந்து கூடையில போய் முடிஞ்சிருக்கு. அந்தக் கணக்கை இன்னும் எவனும் தாண்டல. உன் போர்டுல எத்தனை பிளே இருக்குன்னு நான் கேக்கல மாப்ளே, நீயே எண்ணிக்க.

‘எங்க டீம்ல எல்லாருமே ஸ்டாரு மாமா’ன்னு நீ சொல்லுவ. 2004-ல ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு அமெரிக்காவும் அப்படித்தான் போச்சு. டங்கன், ஐவர்சன், சின்னப் பயலா லெப்ரான். மொத மேட்ச்சே போர்ட்டோ ரிக்கோகிட்ட 92–73. போர்ட்டோ ரிக்கோக்காரன் ஜோன் போட்டு நடுவுல அடைச்சு நின்னுக்கிட்டான். இவங்க தூரத்துல நின்னு எறிஞ்சதுல 24-க்கு மூணுதான் விழுந்துச்சு. அரையிறுதியில அர்ஜென்டினா 89–81-ன்னு தோக்கடிச்சுச்சு. அர்ஜென்டினாக்காரன் பந்தை ஒருத்தன் கையில தங்க விடல, பின்பக்கமா வெட்டி ஓடுறவனைப் பார்த்துப் பார்த்துக் குடுத்தான். தங்கமும் அவனுக்கே. நம்மாளு ஒருத்தன் டீக்கடையில ‘அமெரிக்காவுக்கு நேரம் சரியில்ல’ன்னான். நேரம் சரியாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு, 24 செகண்டு கடிகாரம் ரிங்குக்கு மேலயே மாட்டியிருக்கே.

இப்ப ஃப்ரீ த்ரோ. இதைக் கொஞ்சம் நிதானமாப் பேசணும், ஏன்னா உன் டீம் போன மாசம் தோத்தது இதுலதான்னு பேச்சு. எதிர்ல ஆளு இல்ல, கைய மறிக்க எவனும் இல்ல, போர்டுல இருந்து 4.6 மீட்டர், அஞ்சு செகண்டு அவகாசம். ரிங்கோட அகலம் 45 சென்டிமீட்டர், பந்து 24 சொச்சம். கிட்டத்தட்ட ரெண்டு பந்துக்கு எடம் இருக்கு. ஆனா அந்த எடம் மேல இருந்து பாக்குற பந்துக்குத்தான் தெரியும். தட்டையா வர்ற பந்துக்கு ரிங்கு ஒடுங்கிப் போயிரும். அதனாலதான் வளைச்சுப் போடு, முழங்கால்ல இருந்து தூக்கு, மணிக்கட்டை மடக்கி முடிங்கறது. இதெல்லாம் உனக்கே தெரியும். தெரியாத ஒரு கதை சொல்றேன்.

வில்ட் சேம்பர்லின், ஏழடி ஒரு அங்குலம். ரிங்குகிட்ட அவரைத் தடுக்க ஆளே இல்ல, ஆனா ஃப்ரீ த்ரோ கோட்டுல நின்னா பாவமா இருக்கும். 1961–62 சீசன்ல ஒரு காரியம் செஞ்சாரு. ரெண்டு கையாலயும் பந்தைப் பிடிச்சு, தொடைக்கு நடுவுல தாழ்த்தி, கீழ இருந்து மேல வீசுனாரு. பாட்டி ஷாட்டுன்னு கேலி பண்ணுவாங்க அதை. அந்த வருஷம் 61 சதவீதம் விழுந்துச்சு, அவருக்கு அதுதான் உச்சம். 1962 மார்ச் 2-ல ஒரே மேட்ச்ல 100 பாயின்ட் எடுத்தாருல்ல, அன்னைக்கு 32 ஃப்ரீ த்ரோவுல 28 உள்ள. அப்புறம் என்ன செஞ்சாரு? விட்டுட்டாரு. பாக்குறவன் சிரிக்கிறான்னு. பழையபடி ஸ்டைலா மேல இருந்து போட ஆரம்பிச்சு, 1967–68-ல 38 சதவீதத்துக்கு வந்து நின்னாரு. பின்னாளுல தன் புஸ்தகத்துலயே, அது தப்புன்னு தெரிஞ்சுதான் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டாரு. அதே பாட்டி ஷாட்டை ரிக் பேரின்னு ஒருத்தரு ரிட்டயர் ஆகுற வரைக்கும் போட்டாரு. நூத்துக்குத் தொண்ணூறு கிட்ட விழுந்துச்சு. அவரையும் சிரிச்சாங்க. அவரு ஸ்கோர் போர்டைப் பார்த்துக்கிட்டு இருந்ததால காதுல விழல.

அதனால மாப்ளே, உன் டீமுக்கு மனசு தெம்பு வேணும்னு எவனையோ சென்னையில இருந்து கூப்பிட்டு மைக்குல பேச வைக்கப் போறியாமே, அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை வையி. ரெண்டு ரவுண்டு ஓட விட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கிற நேரத்துல பாட்டி ஷாட்டு போடச் சொல்லு, சுத்தி நின்னு மத்தவன் சிரிக்கட்டும். சிரிப்பைத் தாங்கிக்கிட்டு எவன் அடுத்த பந்தையும் அதே மாதிரி போடுறானோ அவன் பேரைக் குறிச்சு வையி. கடைசி நிமிஷத்துல பந்தை அவன்கிட்ட குடு. மைக்குக்காரனுக்குக் குடுக்கிற காசுல ரெண்டு வலை வாங்கலாம். உங்க ரிங்குல வலையே இல்ல, பந்து உள்ள போச்சா வெளிய போச்சான்னு பயலுக சண்டை போடறதை நானே பார்த்தேன்.

ஷாட்டு விட்டதும் தலையில கை வெச்சு நிக்கிற பய ஒருத்தன் இருப்பானே எல்லா டீம்லயும்? அவன் கையை எறக்கி மூச்சு விடறதுக்குள்ள எதிராளி அந்தப் பக்கம் லே-அப் போட்டு முடிச்சிருவான். அவனுக்குத் தத்துவம் சொல்லாத. விட்ட பந்து எங்க விழும்னு பாக்கப் பழக்கு. டென்னிஸ் ராட்மன்னு ஒருத்தரு, முடிக்கு விதவிதமாச் சாயம் அடிச்சுக்கிட்டு திரிவாரு, அந்த அலங்காரத்தை நம்ம பயலுக நல்லாவே கத்துக்கிட்டானுக. ஆனா அவரு தொடர்ந்து ஏழு வருஷம் ரீபவுண்டுல முதலிடம் வந்தது தலைமுடியால இல்ல. கூட ஆடறவங்க வார்ம்-அப்ல ஷாட்டு போடும்போது ஓரமா நின்னு, யார் பந்து காத்துல எத்தன சுத்து சுத்துது, ரிங்குல பட்டு எந்தப் பக்கம் தெறிக்குதுன்னு எண்ணிக்கிட்டே இருப்பாராம். வலது மூலையில இருந்து போட்டது பெரும்பாலும் எடது பக்கம் போய் விழும். தூரத்துல இருந்து போட்டது தூரமாத் தெறிக்கும். இது தெரிஞ்சு, பந்தைப் பாக்காம மொதல்ல ஆளைத் தேடி முதுகை ஒட்டி பாக்ஸ் அவுட் பண்ணி நின்னா, குள்ளப் பயலும் நெட்டைப் பயகிட்ட இருந்து பந்து எடுப்பான்.

அப்புறம் உன் வாயி. அதைத்தான் கடைசியில வெச்சேன், கோவிச்சுக்கிட்டு நடுவுல எந்திரிச்சுப் போயிருவியேன்னு. வுட்டனோட கடைசி சீசன்ல ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க ப்ராக்டீஸ்ல உக்காந்து, மனுஷன் வாயத் தொறந்தா என்ன சொல்றாருன்னு ஒவ்வொண்ணாக் குறிச்சாங்க. முக்கால்வாசி, இப்படி நில்லு, முழங்கையை உள்ள வையி, அப்படிக் குடுங்கற வெறும் தகவல். பாராட்டும் கொஞ்சம், திட்டும் கொஞ்சம். அதுலயும் திட்டிட்டு விட மாட்டாரு. சரியான மொறைய செஞ்சு காட்டி, பய செஞ்ச தப்பையும் செஞ்சு காட்டி, மறுபடி சரியானதைச் செஞ்சு காட்டுவாரு. எல்லாம் சில செகண்டுதான். உன் ப்ராக்டீஸ்ல என்ன கேக்குது? ‘டேய்!’, ‘என்னடா பண்ற!’, ‘அறிவிருக்கா!’. இதுல எந்த வார்த்தையைக் கேட்டு அவன் முழங்கையைச் சரி பண்ணுவான்? இன்னொண்ணும் சேர்த்துக் கேட்டுக்க: அந்த வுட்டனுக்கு யு.சி.எல்.ஏ.வுல மொதல் தேசிய சாம்பியன்ஷிப் கிடைச்சது 1964-ல, வந்து பதினாறாவது சீசன்ல. உங்க கரஸ்பாண்டண்ட் உனக்குப் பதினாறு மாசம் குடுத்தாலே பெருசு, அது வேற கதை.

கரஸ்பாண்டண்ட்னதும் ஞாபகம் வருது. அந்த ஆயிரம் பேரு பாக்குற டிரிபிள் பய, அவரோட மச்சினன் மகனாமே? அப்பங்காரன் ஒவ்வொரு மேட்ச்சுலயும் கேலரியில நின்னு ‘நீயே போடுடா, எவனுக்கும் குடுக்காத’ன்னு கத்துறானாம். உன்னால பயல உக்கார வைக்க முடியாது, அப்பன் வாயையும் அடைக்க முடியாது. அதுக்கு வழி சொல்றேன். அடுத்த மேட்ச்சுக்கு முன்னாடி அந்த அப்பங்காரன்கிட்ட பணிவாப் போ, ‘சார், உங்கள மாதிரி ஆட்டம் தெரிஞ்சவங்க இங்க வேற யாரும் இல்ல’ன்னு சொல்லு, ஒரு நீள நோட்டும் பேனாவும் கையில குடு. எந்தப் பய எத்தன ஸ்க்ரீன் போட்டான், எத்தன பாக்ஸ் அவுட் பண்ணான், எவன் பாஸுல கூடை விழுந்துச்சுன்னு கோடு போட்டுக் குறிக்கச் சொல்லு. குனிஞ்சு எழுதுறவன் கத்த மாட்டான். அரைநேரத்துக்குள்ள தன் மகன் பேருக்கு நேரா ஒரு கோடுகூட இல்லங்கறது அவன் கண்ணுலயே படும். வீட்டுக்குப் போற வழியில மிச்சப் பாடத்தை அவனே பயலுக்கு எடுத்துருவான். நோட்டுக்கான காசையும் அவன்கிட்டயே வாங்கிக்க. வசதியான ஆளு, ஒண்ணும் சொல்ல மாட்டான்.